அப்துல்லாபுரம் ஓடுபாதைக்குப் பக்கத்துப் பள்ளி: விமானம் வருவதற்கு முன் என்னென்ன கேட்டு வைப்பது?

ஓடைக்கரை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா போகிற வழியில், அப்துல்லாபுரம் விமான தளத்தை ஒட்டிய ஒரு கிராமம் எங்களுடையது. நான் இங்கே தொடக்கப் பள்ளியில் 3-ஆம் வகுப்பு எடுக்கிறேன். பிறந்ததும் இதே ஊர்தான். சின்ன வயதில் அந்தப் பழைய ஓடுபாதை ஓரம்தான் மாடு மேய்ப்போம். எப்போதாவது ஒரு குட்டி விமானம் இறங்கினால் ஊரே ஓடிப்போய் நின்று பார்க்கும்.

இப்போது சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் வேலூரும் இருக்கிறது. 850 மீட்டர் ஓடுபாதை, 19 பேர் உட்காரும் சின்ன விமானம் என்கிறார்கள். நான் இதற்கு எதிரி இல்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைக் காட்பாடி ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு ராத்திரி ரயிலில் படுத்து வந்து, பிளாட்பாரத்தில் பெட்டிமேல் தலை வைத்துக் கிடக்கிற நோயாளிகள். அவர்களில் சிலருக்காவது பயணம் சுருங்கினால் நல்லதுதான். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் தேர்ந்தெடுத்த பரந்தூர் மாதிரி நிலைமையும் இல்லை எங்களுக்கு. ஏகனாபுரத்துக்காரர்கள் ஊரையே இழக்கிற பயத்தில் போராடுகிறார்கள், எங்கள் வீடு எங்களிடமேதான் இருக்கப் போகிறது.

என் கவலை வேறு. எங்கள் பள்ளிக்குத் தகரக் கூரை. மழை பெய்தாலே பாடம் நின்றுவிடும், நான் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு நிற்பேன். விமானம் ஏறும்போது என்ன ஆகும்? அடுத்தது ஓடை. ஓடுபாதைப் பக்கத்திலிருந்து வரும் மழைத் தண்ணீர் எங்கள் தெரு ஓரமாக ஓடித்தான் ஏரிக்குப் போகிறது. மூன்றாவது, ஏரிக்கரையில் ராத்திரியில் வந்து கொட்டிவிட்டுப் போகிற கோழிக் கழிவு மூட்டைகள். நாயும் பருந்தும் அங்கேயே குடியிருக்கின்றன. விமானத்துக்கு அது ஆபத்து என்று கேள்விப்பட்டேன்.

டீக்கடையில் இரண்டே பேச்சுதான். ஒரு பக்கம், சென்ட் விலை எங்கேயோ போகப் போகிறது. இன்னொரு பக்கம், ஊரே காலியாகப் போகிறது. என்ன கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருவரும் பேசவில்லை. ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். “அதெல்லாம் மேலே முடிவானது டீச்சர், நீங்க போய் கிளாஸ் எடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். மனது கேட்கவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், அதில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


அரக்கோணம் ரிடையர்டு எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். நான் ரயில்வேயில் 34 வருடம் இருந்தவன். எங்கள் வீடு ராஜாளி கடற்படைத் தளத்துக்கு மூன்று கிலோமீட்டர் தூரம். தளம் தொடங்கிய 1992-இலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் வாழ்கிறோம். உங்கள் ஓடுபாதை 850 மீட்டர் என்றால் இங்கே 4 கிலோமீட்டருக்கும் மேல், அதனால் நம் இரண்டு ஊரையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. டியூ-142 என்று ஒரு ரஷ்ய விமானம் 2017 வரை இங்கே இருந்தது. நாலு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றுகிற இரண்டு காற்றாடி. அது கிளம்பினால் பரணில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று சத்தம் போடும். என் பேத்தி அந்தக் கிணுகிணுப்புக்கே எழுந்து அழுவாள், விமானச் சத்தம் அதற்கு அப்புறம்தான் வரும்.

அந்த மாதிரி உங்களுக்கு வரப்போவதில்லை. ஆனால் அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று நேரம். ரயில் சத்தம் எனக்குத் தொந்தரவாக இருந்ததே இல்லை. 5:40-க்கு ஒன்று, 6:10-க்கு ஒன்று என்று தெரியும், உடம்பு அதற்குத் தயாராக இருக்கும். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் ஆளைக் கெடுக்கிறது. உங்களுக்கு வருவது பயணிகள் விமானம், அதற்கு அட்டவணை உண்டு. அந்த அட்டவணையும், மாறினால் மாறிய அட்டவணையும் பள்ளிக்கு எழுத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்று, பறக்கும் சத்தத்தை மட்டும் நினைக்காதீர்கள். தரையில் நிறுத்தி வைத்து இன்ஜினை ஓட்டிப் பார்ப்பார்கள். விமானம் தலைக்கு மேல் அரை நிமிடத்தில் போய்விடும், இந்தச் சோதனை நின்ற இடத்திலேயே நீண்டுகொண்டு போகும். அது ராத்திரியில் வேண்டாம், பள்ளிப் பக்கம் முகம் வைத்தும் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் நடக்காது.


குடியாத்தம் டு பெங்களூரு எழுதியது:

டீச்சர், எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். வெளி மாநிலத்தில் ஒரு பெரிய விமான நிலையத்தில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை செய்கிறேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தம். விமான நிலையங்களுக்கென்றே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018-இல் ஒலி அளவு நிர்ணயித்தது. ஆண்டுக்கு 50,000 தடவைக்கு மேல் விமானம் ஏறி இறங்கும் இடத்தில் பகலில் 70 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு), இரவில் 65. அதற்குக் குறைந்த இடத்தில் 65, 60. ஆனால் ஆண்டுக்கு 15,000 தடவைக்கும் குறைவு என்றால் இந்தக் கணக்கிலேயே வராது. வேலூரில் ஒரு நாளைக்கு 4 தடவை ஏறி இறங்கினாலும் ஆண்டுக்கு 1,460தான். ஆக, இந்த அளவுகோல் உங்கள் ஊருக்குக் காவல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவானவை. அவற்றில் குடியிருப்புக்குப் பகலில் 55, அமைதிப் பகுதியாக அறிவித்த பள்ளியைச் சுற்றி 100 மீட்டருக்கு 50.

இந்த எண்கள் எல்லாம் சராசரி என்பதைக் கவனியுங்கள். காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை 16 மணி நேரத்தையும் சேர்த்துப் போடும் சராசரி. ஒரு விமானம் உங்கள் கூரைமேல் 30 விநாடி 80 டெசிபலில் போகிறது என்று வையுங்கள். அதை 16 மணி நேரத்துக்குப் பரப்பினால் (டெசிபலுக்குச் சாதாரண வகுத்தல் இல்லை, லாக் கணக்கு) 47 டெசிபல்தான் வரும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். உங்கள் வகுப்பிலோ ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்த வரி அறுந்து போயிருக்கும். அதனால் சராசரியை மட்டும் கேட்காதீர்கள். பள்ளி நேரத்தில் எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் உச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். எங்கள் பிரிவில் இதைக் கேட்கிற ஊர்க்காரர்கள் வந்தால் கூட்டத்தில் பேச்சே வேறு மாதிரி போகும்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு மறக்காத ஒன்று மியூனிக். 1992-இல் அங்கே பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு வேறு இடத்தில் புதிதாகத் திறந்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஆராய்ச்சியாளர்கள் மூடுவதற்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். புதிய நிலையத்தின் பக்கம் வாசிப்பும் நினைவாற்றலும் குறைந்தன. பழைய இடத்தில், சத்தம் நின்ற பிறகு, அவை மேலேறின. அது நாள் முழுக்கப் பெரிய ஜெட்டுகள் பறந்த இடம், உங்கள் நிலைமை அவ்வளவு இல்லை. ஆனாலும் வகுப்பறைக் கூரையை இப்போதே கேட்பதற்கு இது போதும். தகரத்துக்கு அடியில் ஒரு பொய்க்கூரை, நடுவில் தேங்காய் நார்ப் பலகை மாதிரி ஏதாவது. சத்தமும் குறையும், நம் ஊர் வெயிலுக்கும் ஆறுதல்.

மரம் நட்டால் சத்தம் குறையும் என்று யாராவது வருவார்கள். ஒரு வரிசை மரம் கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு அவ்வளவாக இல்லை. பறவையும் வந்து உட்காரும். தரையோடு வரும் சத்தத்துக்கு நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில், ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதற்கு வழி காட்டியது உழுத வயல். அறுவடை முடிந்து பக்கத்து நிலங்களை உழுது போட்ட நாட்களில் சத்தம் குறைவதை ஊர்க்காரர்கள் கவனித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, சால் சாலாக மண்மேடு எழுப்பிப் பெரிய பூங்காவே கட்டி 2013-இல் திறந்தார்கள். அரக்கோணம் ஐயா சொன்ன இன்ஜின் சோதனைச் சத்தத்துக்கு, சுற்றுச்சுவர் ஓரம் மண்மேடு கேட்பதில் தவறில்லை. ஆனால் ஓடைத் தண்ணீருக்கு வழி விட்டுத்தான்.

ஓடைக்கு வருகிறேன். 850 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்று வைத்தால் 25,500 சதுர மீட்டர் தார்த்தளம். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் மட்டும் 25 லட்சம் லிட்டர் விழும். மண்ணாக இருந்தபோது கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும், இப்போது அப்படியே வழிந்து வரும். 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடிகால் வரைபடத்தைக் கேளுங்கள். எந்த மதகில் வந்து சேர்கிறது, எண்ணெய் பிரிக்கும் தொட்டி எங்கே, இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

கோழிக் கழிவுதான் உங்கள் கையில் இருக்கிற பெரிய பிடி. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 91-வது விதி, விமான தளத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் பறவையை இழுக்கும் குப்பையைக் கொட்டக் கூடாது, வெளியில் ஆடு மாடு அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது என்கிறது. இறைச்சிக் கடை, மீன் கடை, எலும்பு ஆலைக் கழிவு எல்லாம் பெயர் சொல்லியே அதில் உண்டு. வேலூர் நகரத்தின் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு பருந்து இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்பது அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் ஊருக்காக அள்ளாத குப்பையை விமானத்துக்காக அள்ளுவார்கள், நீங்கள் விடாமல் கேட்டால். ஆனால் கடைக்காரர்களை விரட்டுவதில் போய் முடிந்துவிடக் கூடாது. கழிவை எடுத்துப் போக வண்டியும், கொண்டு சேர்க்க மூடிய இடமும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாளைக்கு அங்கே பைலட் பயிற்சிப் பள்ளி வருகிறது என்றால் நிலைமையே வேறு. 19 இருக்கை விமானம் மண்ணெண்ணெய் ரக எரிபொருளில் ஓடும். பயிற்சிக்கான சின்ன பிஸ்டன் விமானங்கள் பெரும்பாலும் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடுகின்றன. ஒரே ஊரை வட்டம் போட்டுப் போட்டு இறங்கி ஏறும். கலிபோர்னியாவில் ஒரு மாவட்டம், பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் பார்த்த பிறகு, தன் இரண்டு சின்ன விமான நிலையங்களிலும் அந்த எரிபொருள் விற்பனையை 2022-இல் நிறுத்திவிட்டது. விமானம் எத்தனை என்பதோடு என்ன விமானம், எதற்கு வருகிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.


ஓடைக்கரை டீச்சர் எழுதியது:

குடியாத்தம் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 47 டெசிபல் கணக்கை என் வீட்டுக்காரருக்கும் போட்டுக் காட்டினேன். ஒரு சந்தேகம். 15,000-க்குக் கீழே இருந்தால் எங்களுக்குச் சட்டமே இல்லையா? எதைக் காட்டிக் கேட்பது?


குடியாத்தம் டு பெங்களூரு எழுதியது:

இருக்கிறது டீச்சர். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் விமான நிலையங்களும் உண்டு. முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். இந்தத் தளத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி உண்டா, உண்டென்றால் நகல், இல்லையென்றால் ஏன் தேவையில்லை என்று முடிவு செய்த கோப்பின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதி இருந்தால் அதில் நிபந்தனைகள் இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவற்றை நிறைவேற்றிய அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கை யார் கேட்டாலும் பார்க்கக்கூடிய ஆவணம். ரகசியம் இல்லை.


வாணியம்பாடி பெரியவர் எழுதியது:

அம்மா டீச்சர், எனக்கு விமானம் பற்றித் தெரியாது. ஏறியதும் இல்லை. கிணறு பற்றித் தெரியும்.

பாலாற்றங்கரையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு. என் அம்மா அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகவைப்பாள், மற்ற தண்ணீரில் வேகாது என்பாள். அப்புறம் தோல் பதனிடும் கழிவு வந்தது. முதலில் கிணற்றுப் படியில் வெள்ளையாக ஒரு படலம். பிறகு துணி துவைத்தால் நுரை வரவில்லை. தென்னை காய்ப்பு நின்றது. ஒரே வருடத்தில் நடந்தது இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக.

வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. கெடுத்தவன் பணம் கட்ட வேண்டும், கெடுதல் வரும் என்று சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும், கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துபவனுடையது என்றெல்லாம் சொன்ன தீர்ப்பு. இன்றைக்கு நாடு முழுக்க அதைக் காட்டி வாதாடுகிறார்கள். நம் வடஆற்காட்டுத் தண்ணீருக்காக எழுதிய தீர்ப்பு அது, உங்கள் மனுவில் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நஷ்டஈட்டுக் கணக்கு எடுக்க ஆள் வந்தபோது என்னைக் கேட்டார்கள்: முன்னே தண்ணீர் எப்படி இருந்தது? நல்லா இருந்தது என்றேன். எவ்வளவு நல்லா என்றார்கள். காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பருப்பு வெந்தது என்று சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை.

அதனால் விமானம் வருவதற்கு முன் உங்கள் ஊரை அளந்து எழுதி வையுங்கள் அம்மா. போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஓடை, சத்தம், எல்லாம். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. பிறகு வருகிறவர்கள் முன்னே எப்படி என்று கேட்கும்போது காகிதத்தை எடுத்து வைக்க வேண்டும்.


குடியாத்தம் டு பெங்களூரு எழுதியது:

ஐயா சொன்னதை எங்கள் தொழிலில் தினமும் செய்கிறோம், ஆனால் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்ல வராது. டீச்சர், தண்ணீருக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத் தீயணைப்பு வண்டியில் வைக்கும் சில வகை நுரையில் ஃபுளோரின் சேர்மங்கள் உண்டு, நிலத்தடியில் போனால் அழியாது. ஸ்வீடனில் கல்லிங்கே என்ற ஊரில், பக்கத்து விமானப்படைத் தளத்து நுரை குடிநீரில் கலந்தது 2013-இல் தெரிந்து, நீரேற்று நிலையத்தையே மூடினார்கள். ஃபுளோரின் இல்லாத நுரை இப்போது கிடைக்கிறது. எந்த நுரை, பயிற்சிக்கு எங்கே அடித்துப் பார்ப்பார்கள் என்பதை மனுவில் ஒரு வரியாகப் போடுங்கள்.


ஓடைக்கரை டீச்சர் எழுதியது:

பெரியவருக்கு என் வணக்கம். நீங்கள் எழுதியதைப் பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் படித்தோம்.

தொடங்கிவிட்டோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், என் போனில் ஒலி அளக்கும் செயலி, ஒரு நோட்டு. காலை 7, மதியம் 12, மாலை 5, இரவு 9 என்று ஒரு வாரம் அதே இடத்தில், வேப்ப மரத்தடிக் கல்மேல் போனை வைத்து எழுதினோம். போன் அளவு கோர்ட்டில் செல்லாது என்று தெரியும், ஆனால் ஒரே போன், ஒரே கல் என்பதால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஆகும். இரவு 9 மணிக்கு 41, 42. செவ்வாய்க்கிழமை காலை மட்டும் 60-ஐத் தாண்டியது. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், தப்பாக அளந்துவிட்டோமோ என்று. பொய்கை மாட்டுச் சந்தை நாள் அது, விடியலிலிருந்தே வண்டிகள். நோட்டில் “சந்தை” என்று சிவப்பு மையில் எழுதி வைத்தாள் ஒரு பெண். இப்போது செவ்வாயைத் தனியாகவே கணக்கு வைக்கிறோம்.

பள்ளிப் போர் தண்ணீர் ஒன்று, ஓடை ஓரக் கிணற்றுத் தண்ணீர் ஒன்று, இரண்டு பாட்டில் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. தேதி எழுதி, ஊராட்சித் தலைவரும் நானும் கிணற்றுக்குச் சொந்தக்கார அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்த அம்மாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு வைத்தார்.

தகவல் உரிமை மனு போன வாரம் போயிற்று. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர ஊராட்சித் தலைவர் ஒத்துக்கொண்டார். அட்டவணை எழுத்தில் வர வேண்டும், இரவில் இன்ஜின் சோதனை வேண்டாம், வடிகால் வரைபடம், கழிவு வண்டி, வகுப்பறைப் பொய்க்கூரை, எந்த நுரை. பயிற்சிப் பள்ளி என்றால் மறுபடி கிராம சபையைக் கேட்டுவிட்டுத்தான். கோழிக்கடைத் தம்பியிடமும் பேசினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி வந்தால் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் நான் எங்கே போய்க் கொட்டுவது டீச்சர் என்றார். அவர் கேட்டது நியாயம்தான், அதையும் தீர்மானத்தில் அவர் வாயால் சொன்ன மாதிரியே சேர்க்கிறோம்.

தீர்மான வாசகத்தை ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன். குடியாத்தம் தம்பி, 91-வது விதி வரியை நீங்கள் ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். அரக்கோணம் ஐயா, இன்ஜின் சோதனைக்கு எத்தனை மணிக்கு மேல் கூடாது என்று போடலாம்? இரவு 8 என்று எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் அந்த நேரத்துக்குத் தூங்கிவிடுவார்கள்.